அந்தாட்டிக்காவுக்குக் கப்பலில் பதினொரு நாட்கள்: போய்வந்தவரின் மதிப்பீடு

கடந்த பெப்ரவரியில் அக்காவும் நானும் ஆர்ஜென்டீனாவின் தென்கோடியிலுள்ள உஷ்வாயா துறைமுகத்தில் கப்பலேறி, அந்தாட்டிக்கா தீபகற்பம் வரை சென்று, பதினோராம் நாள் காலையில் அதே துறைமுகத்தில் வந்திறங்கினோம். திரும்பி வந்த நாள் முதல் வெள்ளவத்தையில் எங்களைத் தெரிந்தவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: அவ்வளவு பணத்துக்கு அது தகுமா, அறுபது வயதைத் தாண்டியவர்கள் போகலாமா. சந்தையிலும் கோயில் வாசலிலும் நின்று துண்டு துண்டாகச் சொல்லி முடிக்கக்கூடிய விடயமாக அது இல்லாதபடியால், ஆற அமர எழுதிவிடத் தீர்மானித்தேன்.

கப்பல் நிறுவனத்தின் பெயரையும் கொழும்பில் எங்களுக்குப் பதிவு செய்து தந்த பயண முகவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. கட்டணத்தில் ஒரு பகுதி பற்றிய எங்கள் முறைப்பாடு இன்னும் தீரவில்லை. ஒரு பக்கத்தின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்தின் பெயரைக் கெடுப்பது முறையன்று. அந்தக் கடலுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்கள் அநேகமாக ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு, ஒரே தீவுகளுக்கும் குடாக்களுக்கும் போய்வருவதால், பெயர் தெரியாவிட்டாலும் நான் சொல்வது பயன்படும்.

முதற் கேள்விக்கு என் பதில், தகும் என்பதே. நாங்கள் கொடுத்த பணத்தின் பெறுமதி முழுவதும் கரையிலும் றப்பர் படகிலும் கழித்த மணித்தியாலங்களில் இருந்தது. கப்பலறை, உணவு, மாலை நேர இசை ஆகியவற்றை நுவரெலியாவின் ஒரு நல்ல ஹோட்டலிலேயே இதைவிடச் சிறப்பாக அனுபவித்துவிடலாம். ஆகவே அந்தக் கரை நேரம் எத்தனை மணித்தியாலம் என்பதுதான் கப்பலைத் தெரிவு செய்யும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி. அதை நிர்ணயிப்பது கப்பலில் ஏறும் பயணிகளின் தொகை என்பதை நான் போய் நின்ற பிறகே விளங்கிக்கொண்டேன்.

அந்தாட்டிக்காவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் 1991ஆம் ஆண்டு தங்களுக்குள் ஒரு சங்கத்தை அமைத்தன. அயாட்டோ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்க முடியாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்கவேண்டும். 500 பேருக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிய கப்பல் எவரையும் கரையில் இறக்கவே முடியாது. எங்கள் கப்பலில் ஏறத்தாழ 170 பேர் இருந்தோம். எனவே பாதிப் பேர் கரையில் நிற்கையில் மறுபாதி றப்பர் படகுகளில் பனிப்பாறைகளைச் சுற்றிவரும். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குப் பின்னர் இரு பகுதியினரும் இடம் மாறுவார்கள். எண்பது, தொண்ணூறு பேர் மட்டும் போகும் கப்பலாக இருந்திருந்தால் இந்த மாற்றம் தேவைப்பட்டிராது. கொழும்பில் சில முகவர்கள் குறைந்த விலைக்குக் காட்டும் மிகப் பெரிய கப்பல்கள் கரையில் இறக்காமல் கடலில் நின்று காட்டிவிட்டுத் திரும்புபவை. அவற்றின் விளம்பரப் படங்களிலும் பென்குயின்கள் நிற்கும். அந்தப் படங்களை நம்பி முற்பணம் கட்டிவிட வேண்டாம்.

எங்கள் கட்டணம், இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு 8,400 அமெரிக்க டொலர். விமானச் சீட்டு, காப்புறுதி, உஷ்வாயாவில் தங்கிய இரண்டு இரவுகள் எல்லாம் சேர ஒருவருக்கு 36 இலட்சம் ரூபாய் வரை முடிந்தது. பெற்றோரின் காணியை விற்றதில் எங்கள் இருவருக்கும் கிடைத்த பங்கை வைத்துத்தான் போனோம். அதனால் ஒவ்வொரு டொலரையும் எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன். விலை இவ்வளவு உயர்ந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் கடலில் 2011 ஓகஸ்ட் முதல் கனரக எரிஎண்ணெய் தடைசெய்யப்பட்டிருப்பதால் கப்பல்கள் விலை கூடிய இலகு எரிபொருளையே பயன்படுத்த வேண்டும். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதிக்கோவை, கப்பலின் கட்டமைப்பு முதல் மாலுமிகளின் பயிற்சி வரை தனித் தகுதிகளைக் கேட்கிறது. நவம்பர் தொடங்கி மார்ச் வரையிலான ஐந்து மாதங்களே இந்தக் கப்பல்கள் அங்கே ஓடமுடியும். இவற்றுக்கு மேலதிகமாகக் கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 டொலர் வீதம் எங்கள் கணக்கில் தானாகவே சேர்ந்துவிட்டது. அதை முகவர் முன்கூட்டியே சொல்லவில்லை.

அக்கா புறப்படுவதற்கு முன் கேட்ட முதற் கேள்வி, "அங்க விசா ஆர் தருவினம்?" என்பது. ஒருவரும் தருவதில்லை. அந்தாட்டிக்கா எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாமல், 1959 டிசம்பர் 1ஆம் திகதி வொஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டது. 1991இல் மட்ரிட்டில் செய்யப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு ஒப்பந்தம் அங்கே கனிம அகழ்வையும் தடைசெய்தது. பயணிகளுக்கான அனுமதியைக் கப்பல் நிறுவனமே பெற்றுக்கொள்கிறது. நமக்குத் தேவைப்படுவது ஆர்ஜென்டீனா விசா. கப்பல் அந்த நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பவும் நுழைவதால், பலமுறை நுழையக்கூடிய விசாவாக அதைக் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது. நாங்கள் கட்டுநாயக்கவிலிருந்து தோஹா, சாவோ பாவுலோ வழியாகப் புவனஸ் அயர்ஸ் போனோம். அங்கே சர்வதேச விமான நிலையம் நகருக்கு வெளியே எசெய்சாவில் இருக்கிறது. உஷ்வாயா விமானத்தை நகருக்குள் ஆற்றங்கரையோரமாக உள்ள மற்ற விமான நிலையத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. இடையில் ஓர் இரவு தங்காமல் ஓட நினைப்பவர்கள் பெட்டியையோ விமானத்தையோ தவறவிடக்கூடும். நேரமும் எட்டரை மணித்தியாலம் பின்னே போகிறது. உஷ்வாயாவுக்கு இரண்டு நாட்கள் முந்தியே போய்ச் சேர்ந்தது நாங்கள் செய்த நல்ல தீர்மானங்களில் ஒன்று, ஏனெனில் கப்பல் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை.

குளிருடுப்புக்காகக் கொழும்பில் அலைய வேண்டாம். நுவரெலியாவில் ஏற்றுமதியில் மிஞ்சிய குளிருடுப்புகளை விற்கும் சந்தைக் கடைகளில், உள்ளே அணியும் கதகதப்பான உடுப்பு, கம்பளி மேசு, கையுறை, நீர் புகாத காற்சட்டை எல்லாம் வெளிநாட்டு விலையில் கால்வாசிக்கு எடுத்தோம். தடித்த மேலங்கியைக் கப்பல் நிறுவனம் அன்பளிப்பாகத் தந்தது. முழங்கால் வரையிலான றப்பர் சப்பாத்தை இரவலாகத் தந்தது. பெப்ரவரி அங்கே கோடை காலம் என்பதால் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை மேலும் கீழுமாகவே இருந்தது. நம்மைப் போன்றவர்களை வருத்துவது காற்று, அதற்கும் மேலாகக் கைவிரல். நிழற்படம் எடுக்கும் ஆசையில் கையுறையைக் கழற்றிய ஐந்தாம் நிமிடமே என் விரல்கள் கமெராப் பொத்தானை உணரவில்லை. மெல்லிய கையுறையொன்றை உள்ளேயும் தடித்ததொன்றை மேலேயும் அணிந்துகொள்வதே வழி.

இனி ட்ரேக் கடல். தென் அமெரிக்காவின் ஹோர்ன் முனைக்கும் அந்தாட்டிக்காவை ஒட்டிய தென் ஷெட்லண்ட் தீவுகளுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி ஏறத்தாழ 800 கிலோமீற்றர் அகலமானது. அந்த அகலாங்கில் உலகைச் சுற்றிவரும் காற்றையும் நீரோட்டத்தையும் மறிக்க எந்தத் தரையும் கிடையாது. கடக்க இரண்டு நாட்கள் எடுத்தன. கடல் அடங்கியிருந்தால் 'ட்ரேக் லேக்', கொந்தளித்தால் 'ட்ரேக் ஷேக்' என்று கப்பலில் சொல்கிறார்கள். போகும்போது எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது. அலைகள் ஆறு மீற்றர் என்று கப்பலைச் செலுத்தும் அறையில் சொன்னார்கள். மேசையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தானாக நடந்து போய்வந்தது. கட்டிலில் படுத்தால் உடல் ஒருமுறை மெத்தையில் அழுந்தியது, மறுமுறை அதிலிருந்து எழுந்தது.

எங்கள் முதற் பெரிய பிழை இங்கேதான் தெரியவந்தது. "மேல்தளத்தில் முன்பக்க அறை, காட்சி நன்றாகத் தெரியும்" என்று முகவர் சொன்னதைக் கேட்டு ஆறாம் தளத்தில் முன்பக்கமாக ஓர் அறையை, கீழ்த்தள அறையைவிட 1,100 டொலர் கூடுதலாகக் கொடுத்து எடுத்திருந்தோம். கப்பல் ஆடும்போது அதிகம் உயர்ந்து தாழ்வது முன்பகுதி. அதிகம் சாய்வது மேல்தளம். இரண்டும் சேர்ந்த மூலைக்கே நாங்கள் கூடுதல் பணம் கொடுத்திருக்கிறோம். மூன்றாம் தளத்தின் நடுப்பகுதியில் சிறிய வட்ட யன்னலோடு தங்கியிருந்த சிலி நாட்டுத் தம்பதியினர் இரண்டு இரவும் நன்றாக உறங்கினார்கள். காட்சியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை; கண்விழித்திருக்கும் நேரத்தில் எவரும் அறையில் இருப்பதில்லை.

தலைசுற்றலுக்குக் காதின் பின்புறம் ஒட்டும் மருந்துத் துண்டு நன்றாகவே வேலைசெய்கிறது. ஆனால் குமட்டல் தொடங்கிய பிறகு ஒட்டினால் பயன் குறைவு; உஷ்வாயாவிலிருந்து கடலுக்கு வெளியேறும் பீகிள் கால்வாயின் அமைதியான நீரில் கப்பல் போகும்போதே ஒட்டிவிட வேண்டும். கண்ணழுத்த நோய் போன்றவை உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது என்பதால், கொழும்பிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா அதை ஒட்ட மறுத்துவிட்டு, சித்தாலேபைத் தைலத்தையும் இஞ்சித் துண்டுகளையும் நம்பிப் படுத்திருந்தார். இரண்டாம் நாள் மாலை ஒரு பேணி பயற்றம் பணியாரத்தைத் திறந்து ஒன்றைச் சாப்பிட்டு, அது வயிற்றில் நின்றதும், "இனிப் பயமில்லை" என்றார். நான் பின்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலைந்துதிரி அல்பற்றோஸ் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறகு விரித்தால் மூன்றரை மீற்றர் வரை அகலமுள்ள அந்தப் பறவை, அரைமணி நேரத்தில் ஒருமுறைகூடச் சிறகடிக்காமல், அலையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான காற்றின் வேக வேறுபாட்டிலேயே மிதந்து வந்தது. முப்பது ஆண்டுகள் உயிரியல் படிப்பித்த எனக்கு அந்த அரைமணி நேரம் மட்டுமே ட்ரேக் கடலின் துன்பத்துக்கு ஈடாகிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்படுவார்கள். இந்தப் பயணங்களுக்கென்றே 1969இல் கட்டப்பட்ட எக்ஸ்புளோரர் என்ற கப்பல் 2007 நவம்பரில் தென் ஷெட்லண்ட் தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது உண்மை. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. எங்கள் கப்பலில் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டவுடனேயே எல்லோரையும் உயிர்காப்பு அங்கியோடு நிறுத்தி ஒத்திகை நடத்தினார்கள். வராத இருவரை அறைக்குப் போய் அழைத்து வந்தார்கள். வைத்தியர் ஒருவர் எப்போதும் இருந்தார். ஆயினும் பெரிய சிகிச்சை வேண்டுமானால் விமானத்திலோ கப்பலிலோ தென் அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கு நாட்களும் எடுக்கலாம். அவசர மீட்பை உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் எங்களை ஏற்றியிருக்கவே மாட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை அரைச்சந்திரத் தீவில் முதன்முதலாக இறங்கினோம். அதற்கு முந்தைய நாள் கப்பலில் ஒரு பெரிய துப்புரவுப் பணி நடந்தது: ஒவ்வொருவருடைய மேலங்கி, கைப்பை, கமெரா உறை எல்லாவற்றையும் பரிசோதித்து, சட்டைப்பையின் மூலையிலும் ஒட்டுப்பட்டியின் இழைகளிலும் இருந்த புல்விதை, மண் துகள் எல்லாவற்றையும் தூசு உறிஞ்சியாலும் சிறிய கவ்வியாலும் எடுத்தார்கள். என் பழைய கைப்பையின் மடிப்பிலிருந்து தொட்டாற்சிணுங்கியின் முள்விதை இரண்டு வந்தன; ஹோர்ட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற வழியில் எங்கோ ஒட்டியவையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கரைக்கு இறங்க முன்னும் ஏறிய பின்னும் சப்பாத்தைக் கிருமிநீக்கித் தொட்டியில் தோய்க்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2024 பெப்ரவரியில் அந்தாட்டிக்காப் பெருநிலத்தில் உறுதிசெய்யப்பட்ட பிறகு, கரையில் உட்காரவும் முழந்தாளிடவும் பையைக் கீழே வைக்கவும் எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. முதுகு நோவு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கரையில் உணவும் கிடையாது, மலசலகூடமும் கிடையாது. அவசரமென்றால் படகில் கப்பலுக்குத் திரும்பிவர வேண்டும். எங்கள் வயதுப் பெண்கள் கேட்கக் கூச்சப்படும் விடயம் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்: இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே தேநீரை நிறுத்திவிடுவதே நாங்கள் கண்ட வழி.

பென்குயின்களிடமிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்; அவை நடந்து நடந்து பனியில் போட்ட பாதையை நாம் மறிக்கக்கூடாது. பனியில் நம் கால் புதைந்து குழி விழுந்தால் அதை மூடிவிட்டே நகரவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பென்குயின் அதற்குள் விழுந்து ஏறமுடியாமல் கிடந்துவிடும். அக்கா இந்தக் குழி மூடும் வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, முன்னே போனவர்களின் குழிகளையும் சேர்த்துச் சப்பாத்தால் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டே வந்தார். ஆனால் பென்குயின்களுக்கு ஐந்து மீற்றர் விதி கிடையாது. கூவர்வில் தீவில் நாங்கள் அசையாமல் நின்றிருக்கையில், பஞ்சுபோன்ற சாம்பல் தூவி கழுத்தில் மட்டும் மிஞ்சியிருந்த ஜென்டூ என்ற இனத்துப் பென்குயின் குஞ்சு ஒன்று நேராக அக்காவிடம் வந்தது. தலையைச் சரித்து ஒரு கண்ணால் சப்பாத்தைப் பார்த்தது. பிறகு மற்றக் கண்ணால் பார்த்தது. பிறகு அதன் விளிம்பைக் கொத்தி இழுத்தது. "தங்கச்சி, நான் இப்ப அசையலாமோ? சப்பாத்தைக் கொத்துது" என்று அக்கா உதடு அசையாமல் கேட்டார். அசைய வேண்டாம் என்றேன். அது நான்கு முறை கொத்திவிட்டு, சாப்பிடக்கூடிய பொருளல்ல என்று கண்டதும், பக்கத்தில் நின்ற தன் தாயையோ தகப்பனையோ துரத்திக்கொண்டு ஓடிவிட்டது.

அங்கே வீசும் மணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கடலின் உயிர்களெல்லாம் கிறில் என்ற ஆறு சென்ரிமீற்றர் வரை வளரும் சிறு உயிரியையே நேராகவோ சுற்றியோ நம்பியிருக்கின்றன. நம் ஊர்க் கூனியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் உடனே விளங்கும். அதைத் தின்பதால் பென்குயின்களின் எச்சம் இளஞ்சிவப்பாகி, வெண்பனி முழுவதும் சிவந்த கோடுகளாக ஓடுகிறது. புறக்கோட்டைக் கருவாட்டுக் கடைத்தெருவில் மழைக்குப் பின் நிற்பதுபோன்ற மணம். அரைமணி நேரத்தில் மூக்கு பழகிவிடுகிறது; மேலங்கி பழகுவதில்லை. அது கொழும்பில் இரண்டாவது முறை துவைத்த பிறகுதான் போனது.

படகுப் பயணங்களில் சிறந்தது பரடைஸ் குடாவில் வாய்த்தது. வழிகாட்டியாக வந்த பெண் பனித்துண்டுகள் செறிந்த ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் எவரும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு படகைச் சுற்றி எங்கும் கடுகு வெடிப்பதுபோன்ற மெல்லிய சத்தம். பனிப்பாறை உருகும்போது, பனியாக விழுந்த காலத்தில் அதற்குள் அகப்பட்டு நூற்றாண்டுகளாக அழுத்தத்தில் இருந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறும் சத்தம் அது. கைப்பிடியளவு பனித்துண்டு ஒன்றை நீரிலிருந்து எடுத்து என் காதருகே பிடித்தார். கண்ணாடிபோல் தெளிவாயிருந்த அந்தத் துண்டுக்குள் ஊசிமுனையளவு குமிழிகள் வரிசையாக நின்றன. பாடப்புத்தகத்தில் ஒரே வரியாகப் படிப்பித்த செய்தி என் கையில் நனைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இரண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்கள் எங்களுக்கு இருபது மீற்றர் தொலைவில் எழுந்து மூச்சுவிட்டன. மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலத்தைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு அருகில் ஒரு திமிங்கிலத்தின் மூச்சை முகத்தில் உணர்ந்தது இதுவே முதல் முறை. வாலின் அடிப்புறத்திலுள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் வேறுபடும். நாங்கள் எடுத்த படங்களைக் கப்பலிலிருந்த உயிரியலாளர் ஹப்பிவேல் என்ற ஆய்வுத் தளத்தில் பதிவு செய்ய உதவினார்.

நெக்கோத் துறையில் பனியாறு உடைந்து விழுந்தால் கரையில் அலை ஏறிவிடும் என்பதால், இறங்கிய உடனேயே எங்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். லெமேர் கால்வாயின் 11 கிலோமீற்றரையும் எல்லோரும் முன்தளத்தில் நின்றபடியே கடந்தோம். அதைப் பற்றி எழுதுவதைவிடப் படத்தைக் காட்டுவதே நல்லது. போர்ட் லொக்ரோயில், 1944இல் பிரித்தானியர் அமைத்த தளம் இப்போது நூதனசாலையாகவும் தபாலகமாகவும் இயங்குகிறது. சிறிய தீவின் ஒரு பகுதியைப் பென்குயின்களுக்கென்று விட்டு, மனிதர் போகாமல் தடுத்திருக்கிறார்கள். தபால் அட்டைகளை வாங்க நெரிசல்பட்டு அங்கே நேரத்தை வீணாக்காமல், பழைய சமையலறையையும் அலுமாரியில் அடுக்கியிருக்கும் தகரப் பேணிகளையும் நின்று பாருங்கள்.

திரும்பும் வழியில் டிசெப்சன் தீவு. இது உயிருள்ள எரிமலையின் இடிந்த வாய். கடல் ஒரு பக்கத்தால் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருப்பதால், ஒடுங்கிய வாயில் வழியாகக் கப்பல் எரிமலைக்குள்ளேயே போய் நிற்கிறது. கறுப்பு மணற்கரையில் ஆவி எழுகிறது. 1912 முதல் 1931 வரை நோர்வே நாட்டவர் திமிங்கிலங்களைக் காய்ச்சி எண்ணெய் எடுத்த கொதிகலன்கள் துருப்பிடித்து நிற்கின்றன. பிறகு அங்கிருந்த பிரித்தானியத் தளத்தை 1967இலும் 1969இலும் எழுந்த வெடிப்புகள் அழித்தன. நம்மைச் சுற்றியுள்ள இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்சமுத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு 1994இல்தான் கிடைத்தது. முந்தைய நாள் அந்த இரண்டு திமிங்கிலங்களின் மூச்சை முகத்தில் உணர்ந்திருந்த எனக்கு, அந்தக் கொதிகலன்களுக்கு முன் நின்று படம் எடுக்க மனம் வரவில்லை. அன்றிரவு சிவராத்திரி. அக்கா பகல் முழுவதும் விரதமிருந்து, இரவு நூலகக் கதிரையில் விழித்திருந்து தேவாரம் படித்தார். இரவுக் காவலில் இருந்த மாலுமி இரண்டு முறை வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

உணவைப் பற்றி. மாமிசம் உண்பவர்களுக்குக் குறையில்லை. அக்கா முழுச் சைவம். பதிவு செய்யும்போதே எழுத்தில் அறிவித்திருந்தோம். இருந்தும், சைவம் என்று அட்டை வைத்திருந்த மரக்கறிச் சூப்பில் கோழிச்சாறு கலந்திருந்தது மூன்றாம் நாள் நான் கேட்ட பிறகுதான் தெரியவந்தது. அக்கா அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. தலைமைச் சமையற்காரர் மேசைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் முதல் சமையற்கட்டில் பணிபுரிந்த மலையாள இளைஞர் ஒருவர் பருப்புக் கறியும் சோறும் தனிச் சட்டியில் சமைத்துத் தந்தார். அவர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்பதே என் மனக்குறை. எழுத்தில் அறிவித்த ஒரு விடயம் தற்செயலாகக் கிடைத்த ஒரு நல்ல மனிதரின் கையில் தங்கியிருக்கக்கூடாது.

தீராத முறைப்பாடு வேறொன்று. எட்டுப் பேர் மட்டும் ஏறும் தனி நிழற்படப் படகில் நான்கு முறை அழைத்துச் செல்வதாகச் சொல்லி, என்னிடம் மேலதிகமாக 640 டொலர் வாங்கியிருந்தார்கள். போனது ஒரு முறைதான். காலநிலை காரணமாக நின்றிருந்தால் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன். தரையிறக்கங்கள் பத்துக்குத் திட்டமிட்டு ஏழு நடந்ததைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, அங்கே காற்றும் பனியுமே நாட்குறிப்பை எழுதுகின்றன. ஆனால் கடல் கண்ணாடிபோல் இருந்த நாட்களிலும், அந்த வழிகாட்டி சாதாரணப் படகுகளை ஓட்டத் தேவைப்படுகிறார் என்று சொல்லி நிறுத்தினார்கள். ஆட்பற்றாக்குறை நிறுவனத்தின் பொறுப்பு. கடிதம் எழுதியதற்கு, அடுத்த பயணத்தின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அறுபத்தொரு வயதில், காணி விற்ற காசில் போய்வந்தவருக்கு அடுத்த பயணம் என்பது என்ன பொருள் தரும்?

இதற்கு நேர்மாறாக, வழிகாட்டிகளின் அறிவும் பொறுமையும் நான் எதிர்பார்த்ததைவிட உயர்வாக இருந்தன. ஒவ்வொரு மாலையும் இரவுணவுக்கு முன் எல்லோரையும் ஒன்றுகூட்டி, அன்று கண்டதை விளக்கி, மறுநாள் திட்டத்தை வரைபடத்தில் காட்டினார்கள். பனியியல் படித்த ஒருவர் கொடுத்த விரிவுரையின் குறிப்புகளை என் பழைய மாணவிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும், கையைப் பிடிக்காமல் முன்கையை முன்கை பற்றும் மாலுமிப் பிடியை முதல் நாளே பழக்கினார்கள். அறுபத்தேழு வயதான அக்காவின் முழங்காலுக்கு அந்தப் பிடியே போதுமானதாக இருந்தது. படகின் ஓரத்தில் அமர்ந்து, கால்களைத் தூக்கி நீருக்குள் வைத்து, எழுந்து நடக்கக்கூடியவர் எவரும் இந்தப் பயணத்துக்குப் போகலாம் என்பதே இரண்டாவது கேள்விக்கு என் பதில். வீட்டில் படியேறும்போது கைப்பிடியைப் பற்றாமல் ஏற முடியாதவர்கள் வைத்தியரின் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

ஒரு விடயம் என்னை இன்னும் உறுத்துகிறது. மாத்தறைக்கு அப்பால் இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனையில் நின்று நேர்தெற்கே பார்த்தால், அந்தாட்டிக்காவின் கரைவரை 8,000 கிலோமீற்றருக்குக் குறுக்கே தரையே இல்லை. எங்கள் கடலின் அடுத்த கரை அதுதான். ஆனால் நாங்கள் போனதோ உலகின் மறுபக்கத்தைச் சுற்றி, நான்கு விமானங்கள் ஏறி. அந்த எரிபொருளின் புகையும் அந்தப் பனிக்கு எதிரானதே. கையில் உருகிய அந்தத் துண்டை நினைக்கும்போது இதையும் நினைக்கிறேன். ஒருமுறை போய், நீண்ட நாள் தங்கி, நன்றாகப் பார்த்துவிட்டு வருவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆறு நாள் விரைவுப் பயணங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போகத் தீர்மானித்தவர்கள் முற்பணம் கட்டுமுன் முகவரிடம் சில விடயங்களை எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். கப்பலில் ஏறும் பயணிகள் எத்தனை பேர், ஒரு தரையிறக்கத்தில் ஒருவருக்குக் கரையில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பவை முதலாவது. அறை கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் இருக்கிறதா என்பதைக் கப்பலின் வரைபடத்தில் குறித்துத் தரச்சொல்லுங்கள். சைவ உணவென்றால் இறைச்சிச்சாறும் கூடாது என்பதைச் சமையற்கட்டு ஏற்றுக்கொண்ட பதிலைக் கேளுங்கள். மேலதிகக் கட்டணம் வாங்கும் எந்த நிகழ்ச்சியும் நடக்காவிட்டால், காசாகவே திருப்பித் தருவார்களா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கேட்காமல் விட்டது இந்தக் கடைசி வரியை. மூன்றாவது கடிதத்தைச் சென்ற வாரம் அனுப்பியிருக்கிறேன். பணம் வந்தால் அதையும் இங்கே எழுதுவேன்.